கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் அடைக்கலம்

தஞ்சாவூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்குச் செல்பவர் மாதாவைக் காணுமுன் ஆறுகளைக் கடந்தாக வேண்டும். திருவையாறு வரையிலான ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பாலம் வந்துவிடுகிறது. அவற்றுக்கும் வடக்கே கொள்ளிடம், வெண்மணல் விரித்த அகலத்தோடு கிடக்கிறது. அதைத் தாண்டித் திருமானூரிலிருந்து கிழக்கே திரும்பினால் ஏலாக்குறிச்சி.

ஏலாக்குறிச்சிப் பங்கின், அதாவது இவ்வூர் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின், வரலாறும் அந்த ஆற்றில்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கரை தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சியிலும், வடகரை அரியலூர்ப் பாளையத்தின் ஆளுகையிலும் இருந்தன. தஞ்சைச் சீமையில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, கொள்ளிடத்தைக் கடந்துவிட்டவர்கள் அம்மன்னரின் கைக்கு எட்டாதவர்களானார்கள். 1680இல் இத்தாலியில் பிறந்து, சேசு சபைக் குருவாக இங்கு வந்த வீரமாமுனிவர், இவ்வூரில் மரியன்னைக்கு ஆலயம் எழுப்பி, அன்னையை அடைக்கல மாதா என்றும் ஊரைத் திருக்காவலூர் என்றும் அழைத்தார். இப்பெயர்களைப் பக்தியின் அணிகளாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். பாலத்தின் மேல் நின்று இரு கரைகளையும் பார்த்த பின்னரே, அடைக்கலம் என்பது அன்றைய மக்களுக்குக் கண்ணால் கண்டு, காலால் மிதித்த நிலம் என்பது விளங்கியது.

அவ்வன்னைமீது அவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம், சிற்றூர் ஒன்றைத் தமிழிலக்கியத்தில் நிலைநிறுத்தியது. கோயில் நகரங்களுக்கே உரியதாயிருந்த அந்தச் சிறப்பு ஆற்றோரத்துப் பங்கு ஒன்றுக்குக் கிடைத்ததை எண்ணும்போது, தமிழாசிரியரின் மகனான எனக்குச் சற்றே பெருமிதம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

அரியலூர்ப் பாளையத்தை ஆண்ட மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை என்னும் கொடிய கட்டியை முனிவர் இவ்வூர் மண்ணைப் பூசிக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் ஆலயத்துக்கு நிலம் அளித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று குடந்தை (கும்பகோணம்) மறைமாவட்டத்தைச் சேர்ந்த இப்பங்கிற்கு வருவோர் அந்த மண்ணை நம்பிக்கையோடு எடுத்துச் செல்கின்றனர்.

பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி, முழங்கால் வலியோடு வீட்டிலேயே இருந்துவிட்ட என் தாயாருக்காக மன்றாடினேன். அவர் கேட்டிருந்தபடி ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். திரும்பும் வழியில் ஆறு பாலங்களைக் கடக்கும் வரையிலும் அம்முடிச்சு என் மடியிலேயே இருந்தது.