உயிர் ஒன்றில் நிற்கும்போது வெல்லும் டெக்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தை இருபது உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குகிறோம். எதிராளியின் இருபதைப் பூஜ்யமாக்குவதும், நம்முடையதைக் காப்பதும்தான் பெரும்பாலான டெக்குகளின், அதாவது ஆட்டக்காரர் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டுகளின், வேலை. மூன்று மாதமாக நான் செதுக்கிக்கொண்டிருக்கும் டெக் இரண்டையுமே செய்வதில்லை. என் உயிரைச் சரியாக ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருந்து வெல்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் 'நியர்-டெத் எக்ஸ்பீரியன்ஸ்'. 2010-இல் ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசி தொகுப்பில் வந்த என்சான்ட்மென்ட், அதாவது மேசையிலேயே இருந்து வேலை செய்யும் மந்திரக் கார்டு. விலை ஐந்து மனா (கார்டைப் போடச் செலவழிக்கும் ஆற்றல்), அதில் மூன்று வெள்ளை. கார்டில் ஒரே ஒரு வரி: உங்கள் முறையின் தொடக்கத்தில் வரும் அப்கீப் கட்டம் தொடங்கும்போது உங்களிடம் சரியாக ஒரு உயிர்ப்புள்ளி இருந்தால் ஆட்டத்தை வெல்கிறீர்கள். இரண்டு இருந்தால் ஒன்றும் நடக்காது. அந்தச் 'சரியாக' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன்.

முதலில் 'ட்ரீசனஸ் ஓகர்' கார்டை வைத்துப் பார்த்தேன். மூன்று உயிர் கொடுத்தால் ஒரு சிவப்பு மனா தரும். எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்தால் வந்து நிற்பது இரண்டில். பத்தொன்பது, பதினாறு, பதின்மூன்று என்று மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் எண்ணில் உயிர் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். எதிராளியின் ஒவ்வோர் அடிக்கும் நோட்டில் வகுத்துக்கொண்டே இருந்தேன். செலவழிக்காத மனா உயிரைக் குறைக்கும் பழைய விதி 2009-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அது இருந்திருந்தால், மிஞ்சிய அந்த ஒன்றையும் எளிதாகக் கழித்திருப்பேன்.

பிறகு 2003-ஆம் ஆண்டின் மிர்ரோடின் கார்டுகளைப் புரட்டும்போது 'வால் ஆஃப் பிளட்' கண்ணில் பட்டது. மூன்று மனாவுக்கு ஒரு சுவர், பலம் பூஜ்யம். ஓர் உயிர் கொடுத்தால் அந்த முறை முடியும் வரை பலமும் தாங்குதிறனும் ஒன்று கூடும். ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம் என்பதால் எந்த எண்ணிலிருந்தும் ஒன்றுக்கு வந்துவிடலாம். அன்றிரவே ஓகரைக் கழற்றிவிட்டேன்.

எப்போது கொடுப்பது என்பதுதான் இந்த டெக்கின் உயிர்நாடி. அப்கீப் தொடங்கும் கணத்திலேயே உயிர் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விளைவு எழவே எழாது. அதற்கு முந்தைய, சாய்த்த கார்டுகளை நிமிர்த்தும் அன்டாப் கட்டத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே எதிராளியின் முறையில், அதன் இறுதிக் கட்டமான எண்ட் ஸ்டெப்பிலேயே உயிரைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது கொடுத்ததுதான். உடனே அவர் என்சான்ட்மென்ட்டை அழித்துவிட்டால், ஒற்றை உயிரோடு வெறும் சுவரின் பின்னால் நிற்பேன். அதனால் முதலில், அந்த முறையில் எதிராளி மந்திரம் எதுவும் போட முடியாமல் தடுக்கும் 'சைலன்ஸ்', பிறகு சுவர். இந்த வரிசையை மாற்றி ஒருமுறை தோற்றேன்.

தம்பி இன்னொரு வழி கண்டுபிடித்தான். இருபதிலிருந்து பத்தொன்பது உயிரைச் சுவரில் கொட்டியிருந்தேன். சுவரின் பலம் பத்தொன்பது. அதன் மேல் 'சோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ்' போட்டான். சுவர் ஆட்டத்தை விட்டே போனது. அதன் பலம் அளவுக்கு எனக்கு உயிர் கூடியது. மறுபடியும் இருபது! எதிராளிக்கு உயிரைக் கொடுப்பது பொதுவாக அந்தக் கார்டின் குறை. இந்த டெக்குக்கு எதிராக அதுவே சரியான மருந்து. அவனைக் கட்டிக்கொண்டேன்.

மற்றவை சுருக்கமாக. நான்கு 'நியர்-டெத்' மட்டும் வைத்தால், அறுபது கார்டு டெக்கில் முதல் ஏழு கார்டுகளுக்குள் ஒன்றாவது வர 40 சதவீத வாய்ப்பு. என்சான்ட்மென்ட்டைத் தேடி எடுத்துத் தரும் 'இடிலிக் டியூட்டர்' நான்கைச் சேர்த்ததும், இரண்டில் ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு 65 ஆனது. மனா தரும் நிலக் கார்டுகளில் பெரும்பகுதி வெள்ளை.

நான் மிகவும் நேசிக்கும் கார்டைக் கடைசியாகச் சொல்கிறேன்: 'ஏஞ்சல்ஸ் கிரேஸ்'. ஒரே ஒரு வெள்ளை மனா. அந்த முறையில் நான் தோற்க முடியாது. உயிரை ஒன்றுக்குக் கீழே இறக்கும் சேதம் எதுவானாலும் ஒன்றில் நின்றுவிடும். எதிராளி பதிலுக்குக் குறுக்கிடவும் முடியாது. முதலில் இதை வெறும் கவசமாகத்தான் சேர்த்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுவர் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. மேசையில் 'நியர்-டெத்', என் உயிர் ஒன்பது. தம்பி தன் படை முழுவதையும் திரட்டிப் பதினான்கு சேதத்துக்குத் தாக்கினான். ஏஞ்சல்ஸ் கிரேஸை வைத்தேன். சேதம் விழுந்தது. என் உயிரைக் காட்டும் இருபது முகப் பகடையைத் திருப்பி ஒன்றில் வைத்தேன்.

"அக்கா, நீ செத்திருக்க வேண்டும்" என்றான்.

"உன்னால்தான் ஒன்றுக்கு வந்தேன்" என்றேன்.

என் முறை. அன்டாப் செய்தேன். அப்கீப்பில் விளைவு எழுந்தது. அவன் கையில் 'லைட்னிங் போல்ட்' இருப்பது முகத்திலேயே தெரிந்தது. முதல் வாய்ப்பு எனக்கு என்பதால் இரண்டாவது ஏஞ்சல்ஸ் கிரேஸை வைத்தேன். அவன் போல்ட்டைப் போட்டான். மூன்று சேதம், பகடை அசையவில்லை.

அவன் 'நியர்-டெத்' கார்டை எடுத்து இரண்டு முறை படித்தான். பிறகு தன் டெக்கைப் பிரித்து, என்சான்ட்மென்ட்டை அழிக்கும் கார்டுகளைத் தேடத் தொடங்கினான்.