முதல் போஸ்டிங்குக்கு முன் நடந்த சீருடைச் சோதனை

நர்சிங் படிப்பில் முதல் வார்டு போஸ்டிங்குக்கு, அதாவது மருத்துவமனைப் பயிற்சிக்கு, முந்தின நாள் சீருடைச் சோதனையில் நான் தேறவில்லை. துணியை மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தேன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தேன், பெயர்ப் பட்டையும் நேராகத்தான் இருந்தது. டியூட்டர் மேடம் அதிலெல்லாம் கண்ணை நிறுத்தவே இல்லை. "கையை நீட்டும்மா" என்றார். நகங்களில் வெளிர் ரோஸ் பாலிஷ், ஓரங்களில் பெயர்ந்திருந்தது. வலது கையில் ஐந்து வருடமாகக் கழற்றாத மோதிரம்.

"சின்ன மோதிரம்தானே மேடம்" என்றேன். அவர் வாதாடவில்லை. புறஊதா வெளிச்சத்தில் ஒளிரும் ஒரு க்ரீமைக் கொடுத்துக் கை முழுக்கத் தடவச் சொன்னார். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். 40 விநாடிக்குக் குறையாமல் தேய்த்துத்தான் கழுவினேன். விளக்கின் கீழ் கையை வைத்தபோது உள்ளங்கை சுத்தமாக இருந்தது. மோதிரத்தைச் சுற்றி மட்டும் நீலமாக ஒரு வளையம். மோதிரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அதன் அடியில் க்ரீம் தடவியபடியே இருந்தது. நக இடுக்கிலும், பாலிஷ் பெயர்ந்த ஓரத்திலும் அதே நீலம். கழுவியும் க்ரீமே நீங்காத இடத்தில் கிருமி எப்படி நீங்கும்?

அன்று இரவே சோப்பு நுரை போட்டுத் திருகித் திருகி மோதிரத்தைக் கழற்றினேன். நகத்தையும் ஒட்ட வெட்டினேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் நக நுனியை 0.5 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது, செயற்கை நகம் கூடவே கூடாது என்கிறது. கைக்கடிகாரமும் போயிற்று. அது இருந்தால் மணிக்கட்டைக் கழுவ முடியாது. பதிலுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ளும் கடிகாரம் வாங்கினேன். நாடித்துடிப்பு எண்ண வேண்டும் என்பதால் விநாடி முள் இருப்பதாகப் பார்த்து எடுத்தேன்.

முடிதான் படுத்தியது. கொண்டை போட்டு, வலை மாட்டி, கண்ணாடியில் பார்த்தால் சரியாக இருக்கும். படுக்கை விரிப்பைச் செருகுவதுபோல் குனிந்தால் ஒரு கற்றை சரிந்து முகத்தில் விழும். மூன்று தடவை பிரித்துக் கட்டினேன். இப்போதும் குனிந்து தலையை ஆட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன். வாசனைத் திரவியத்தையும் விட்டுவிட்டேன். குமட்டலோடு படுத்திருப்பவருக்கும் ஆஸ்துமா இருப்பவருக்கும் அந்த வாசனையே தொந்தரவு.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தேய்த்த மடிப்பு நம் தோற்றத்துக்கு. வெட்டிய நகம் நோயாளியின் பாதுகாப்புக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'ஒழுக்கம்' என்று மட்டும் சொல்லித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைக் காட்டியிருந்தால் நான் முதல் நாளே கழற்றியிருப்பேன்.

மறுநாள் சோதனையில் தேறி வார்டுக்குப் போனேன். முதல் வேலை, சீனியர் சிஸ்டரோடு சேர்ந்து ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்கவைப்பது. கைத்தோல் அவ்வளவு மெல்லிசு, லேசாக உரசினாலே கிழிந்துவிடும் போலிருந்தது. தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தபோது என் விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடத்தில் வெளிறிய தடம் மட்டும் இருந்தது.