நாற்பது சின்ன அடுப்பும் ஒரு பெரிய தீயும்

பீச் மரம் முழுசாகப் பூத்து நிற்கும்போது வெப்பநிலை மைனஸ் 2.8 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி அரைமணி நேரம் அங்கேயே நின்றால், பத்துப் பூவில் ஒன்று போகும். மைனஸ் 4.4-க்கு இறங்கிவிட்டால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஆப்பிளுக்கு இதே கணக்கு மைனஸ் 2.2, மைனஸ் 3.9. லேசான சேதத்துக்கும் மொத்த நாசத்துக்கும் நடுவே இருப்பது ஒன்றரை டிகிரி சொச்சம். அந்தச் சொச்சத்துக்காகத்தான் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளிலும் கொலராடோவின் பீச் தோட்டங்களிலும் ஏக்கருக்கு நாற்பது எண்ணெய் ஹீட்டர் வைத்து விடிய விடிய எரித்தார்கள். ஸ்மட்ஜ் பாட் என்று பெயர். 1913 ஜனவரியில் தெற்குக் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சு விளைச்சலை உறைபனி வாரிக்கொண்டு போன பிறகு இது அங்கே தோப்புக்குத் தோப்பு பரவியது.

ஹீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்த ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மேகமில்லை, காற்று அசையவில்லை, ஈரப்பதமும் குறைவு. நிலமும் மரமும் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்குத் திருப்பி வீசுகின்றன. சதுர மீட்டருக்கு 50 முதல் 90 வாட் வரை இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து கீழேயே தங்குகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் மேலே போனால் காற்று சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும், இங்கே தலைகீழ். இந்தத் தலைகீழ் அடுக்குதான் ஹீட்டருக்குக் கூரை. கூரை இருந்தால் அடுப்பு மூட்டலாம். இல்லாவிட்டால் எண்ணெயை வானத்துக்கு வார்ப்பதாகத்தான் அர்த்தம்.

ஊட்டிப் பக்கம் உறைபனி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைகுந்தா மாதிரிப் பள்ளங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், மேட்டில் ஒன்றும் இருக்காது. குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆனால் காற்றோடு வருகிற குளிர் வேறு ஜாதி. வடக்கே எங்கிருந்தோ உறைந்த காற்றே பெயர்ந்து வந்து வீசுகிறது என்றால் மேலே வெதுவெதுப்பான அடுக்கு கிடையாது, மூட்டிய சூட்டையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ராத்திரி ஹீட்டருக்கு நேரே தெரிகிற மரத்துக்குக் கதிர்வீச்சால் கொஞ்சம் சூடு கிடைக்கும், அவ்வளவுதான்.

இனி புகை. 'ஸ்மட்ஜ்' என்ற பெயரே புகைமூட்டத்தைச் சொல்வதுதான். தோப்பின் மேல் புகைப்போர்வை போட்டால் சூடு வெளியேறாது என்று வெகுகாலம் நம்பினார்கள். பழைய டயரும் ஈர வைக்கோலும் எரித்தவர்கள் உண்டு. புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது, தரையிலிருந்து கிளம்பும் நீண்ட அலைக் கதிர்வீச்சு அதை மதிக்காமல் ஊடுருவிப் போய்விடும். மேகத்திலும் மூடுபனியிலும் இருக்கிற நீர்த்துளி பல மடங்கு பெரிது, அதனால்தான் மேகம் போட்ட ராத்திரி அவ்வளவாகக் குளிர்வதில்லை. புகை உபத்திரவமும் செய்யும்: விடிந்ததும் வெயில் தரைக்கு வருவதைத் தடுத்து, மரம் சூடேறுவதைத் தள்ளிப்போடும். ஆகவே புகைகிற ஹீட்டர் என்றால் ஒழுங்காக எரியாத ஹீட்டர். எரியாத எண்ணெய்தான் கரியாக மேலே போகிறது.

நல்ல ஹீட்டர் என்று பெயர் வாங்கியது, புகைபோக்கியிலிருந்து ஒரு பங்கு வாயுவைத் திரும்பக் கிண்ணத்துக்கே கொண்டுவரும் வகை. அடியில் வட்டமான தகரக் கிண்ணம், சுமார் 34 லிட்டர் கொள்ளும். கிண்ண மூடியில் ஒரு பக்கம் ரெகுலேட்டர், அதாவது துளைகளைத் திறந்து மூடுகிற சின்ன வட்டத் தகடு. நடுவில் புகைபோக்கி, அதன் கீழ்ப்பகுதியில் காற்று நுழையச் செதில் செதிலாக வெட்டிய வாய்கள். பக்கவாட்டில் ஒரு குழாய் புகைபோக்கியிலிருந்து கிளம்பிக் கிண்ணத்துக்கு வரும். எரிந்து ஓய்ந்த வாயு அந்த வழியாகத் திரும்பி எண்ணெய் ஆவியோடு கலப்பதால் ஆவி நிதானமாக எரியும், கரியும் குறையும். எண்ணெய் கிண்ணத்துக்குள் கொழுந்துவிட்டு எரிவதில்லை. கிண்ணத்தில் அது ஆவியாகிறது, புகைபோக்கிக்குள்தான் எரிகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் ரெகுலேட்டரை எப்படித் திருப்புவது என்பது தானாக விளங்கும்: அதிகத் துளை திறந்தால் கிண்ணத்துக்குள் அதிகக் காற்று, அதிக ஆவி, அதிகச் செலவு.

செலவைப் பார்ப்போம். நிலம் இழப்பது 50 முதல் 90 வாட்தான் என்றாலும் ஹீட்டர் தரவேண்டியது சதுர மீட்டருக்கு 140 முதல் 280 வாட். மூட்டிய சூட்டில் பெரும்பகுதி மரத்தைத் தொடாமலே மேலே போய்விடுவதுதான் காரணம். ஏக்கருக்கு 40 ஹீட்டர், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 80 லிட்டர். லிட்டருக்கு சுமார் 38 மெகாஜூல் வைத்துக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 209 வாட் வருகிறது. ராத்திரிக்கு ஆறு மணி நேரம் என்றால் ஏக்கருக்கு 480 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 43,200 ரூபாய். உறைபனி வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்துதான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் ஏன் அருகிப்போனது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அப்படியானால் நாற்பதுக்குப் பதில் நாலு பெரிய தீயாக மூட்டினால் வேலை மிச்சம்தானே? கெடுவது இங்கேதான். தீயிலிருந்து 600 டிகிரிக்கு மேல் சூடாகக் கிளம்புகிற வாயு, சுற்றியுள்ள காற்றோடு கலந்து ஆறிக்கொண்டே ஏறும். சின்னத் தீ என்றால் சீக்கிரம் ஆறி, வெதுவெதுப்பான அடுக்கின் கீழேயே நின்று பரவும். பெரிய தீயின் சூட்டுத் தூண் கூரையைப் பொத்துக்கொண்டு போய்விடும். போன காற்றின் இடத்தை நிரப்பத் தோப்பின் நாலு ஓரத்திலிருந்தும் உறைகுளிர்க் காற்று உள்ளே இழுபடும். தீ மூட்டியும் பூ கருகுகிற வேடிக்கை இப்படித்தான் நடக்கிறது. ஒரே ஹீட்டரில் எல்லாத் துளையையும் திறந்துவைத்தால் நடப்பதும் இதன் சின்னப் பதிப்புதான்.

ஹீட்டர்களை மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, கிளைக்கு அடியில் வராதபடி வையுங்கள். கிளைக்கு அடியில் வைத்தால் உறைபனியில் போகாதது சூட்டில் போகும். உள்ளே சமமாகப் பரப்பி, ஓரங்களில் நெருக்கமாக வைக்கவேண்டும். காற்று மெல்ல வருகிற பக்கத்து ஓரத்தில் உள்ளே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சரிவு நிலம் என்றால் குளிர்காற்று இறங்கிவருகிற மேல் ஓரத்திலும், அது தேங்குகிற பள்ளத்திலும் கூடுதலாகத் தேவை. கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால் முதலில் அதில் வழி வெட்டிவிடுங்கள், அணை கட்டிய மாதிரி குளிரைத் தேக்கும். எண்ணெய் செலவில்லாத வேலை இன்னும் ஒன்று: களை இல்லாத, உழாத, ஈரமான மண் பகலில் சூட்டை நன்றாக வாங்கிவைத்து ராத்திரியில் திருப்பித் தரும். மண் காய்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு அடி ஆழம் நனையப் பாய்ச்சிவிடலாம்.

பற்றவைப்பதற்குச் சொட்டுத் தீவட்டி வேண்டும்: மூக்குக் குழாயும் நுனியில் திரியும் உள்ள கேன், உள்ளே டீசலும் பெட்ரோலும் கலந்தது. டீசல் பாதிக்குக் குறையக்கூடாது, பெட்ரோல் கூடினால் கையில் வெடிக்கிற சாமான் அது. புகைபோக்கியின் தொப்பியைத் திறந்து, ரெகுலேட்டரை முழுசாகத் திறந்து, எரிகிற சொட்டுகளைக் கிண்ணத்துக்குள் விடவேண்டும். முகத்தை ஹீட்டரின் வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். எண்ணெய் பற்றியதும் ரெகுலேட்டரை ஒன்றிரண்டு துளைக்குக் குறைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முதலில் கொஞ்சம் கரும்புகை வரும், புகைபோக்கி காய்ந்ததும் தெளியும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டும், இதைத்தான் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடுவார்கள். புகைபோக்கிக்கு மேலே முழ நீளம் நெருப்பு ஆடினால் துளையைக் குறையுங்கள். செதில் வாய்களுக்குள் எரிந்து தகரம் மங்கலாகச் சிவந்தால் அதுதான் வேண்டியது, சிவந்த தகரம் பக்கவாட்டில் கதிர்வீச்சாகவும் மரத்துக்குச் சூடு தரும். நேரம் போகப்போக எண்ணெயின் இலேசான பகுதி தீர்ந்து தீ சோரும், அப்போது இன்னொரு துளை திறக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூட்டாதீர்கள். முதலில் ஓரங்கள், பிறகு உள்ளே நாலு வரிசைக்கு ஒரு வரிசை. வெப்பமானி இறங்குவது நிற்கவில்லை என்றால் நடு வரிசை, அப்புறம் மிச்சம். பூ கெடத் தொடங்குகிற வெப்பநிலைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கும்போதே தொடங்கிவிடவேண்டும். கடைசி ஹீட்டரைப் பற்றவைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று பகலிலேயே நடந்து பார்த்துவைத்தால், எப்போது தொடங்குவது என்ற குழப்பம் வராது. காற்று வறண்ட ராத்திரியில் இன்னும் முன்னதாக. ஈரம் இருந்தால் பனித்துளி படியும்போது வெளியாகும் சூடு இறக்கத்தைத் தாமதப்படுத்தும், வறட்சியில் அந்தத் தயவு கிடையாது. வெண்பனியே படியாமல் பூ கருத்துப்போவது அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான்.

வெப்பமானி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 480 லிட்டர் எண்ணெயை எரிக்கச் சொல்வது அதுதான். தூளாக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கூழில் முக்கிப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பருவத்துக்கு முன் பாருங்கள். அரை டிகிரி தப்பிருந்தால் அதைச் சீட்டில் எழுதி வெப்பமானியிலேயே ஒட்டிவிடலாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில், வானமும் ஹீட்டரும் நேரே தெரியாதபடி மறைப்புக்குள் தொங்கவேண்டும். ஹீட்டர் தெரிகிற இடத்தில் தொங்கினால் தோப்பு சூடாக இருப்பதாகப் பொய் சொல்லும். தோப்புக்கு வெளியே ஒன்று கட்டாயம். அணைக்கும் நேரத்தைச் சொல்வது அதுதான், உள்ளே இருப்பது உங்கள் அடுப்பைத்தான் அளக்கிறது. பொழுது விடிந்த உடனே அணைத்துவிடுவது பெரிய தப்பு, சூரியன் கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். வெளியே பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ரெகுலேட்டரை மூடி, தொப்பியைக் கவிழ்த்தால் தீ மூச்சடைத்து அணையும்.

எண்ணெய் ஊற்றுவது ஆறிய பிறகுதான். எரிகிறபோதும் கூடாது, அணைந்தும் சூடாக இருக்கும்போதும் கூடாது. சூடான கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் எண்ணெயும் மேலே ஆவியும் இருக்கிற நிலைதான் இருப்பதிலேயே ஆபத்து. சொட்டு இல்லாமல் வற்ற எரியவும் விடாதீர்கள், எண்ணெய் இல்லாத அடித்தகடு சூட்டில் நெளிந்துவிடும். பகலில் தொப்பி திறந்து கிடந்து மழை இறங்கினால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ராத்திரி சூடேறி அது கொதிக்கும்போது எரிகிற எண்ணெயை நுரையாக வெளியே தள்ளும். சந்தேகம் இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு ஊற்றுங்கள். இருபது முப்பது மணி நேரம் எரித்த பிறகு புகைபோக்கியிலும் திரும்பு குழாயிலும் கரியைச் சுரண்டவேண்டும், குழாய் அடைத்தால் வெறும் புகைச்சட்டிதான். கனமான மலிவு எண்ணெய் போட்டால் கிண்ணத்தடியில் தார் மாதிரிக் கட்டும், டீசலில் இந்தத் தொல்லை குறைவு.

கலிபோர்னியாவில் இந்த ஹீட்டர்களுக்கு வந்த கட்டுப்பாடு, ஒரு ஹீட்டர் நிமிடத்துக்கு ஒரு கிராமுக்கு மேல் எரியாத கரியை வெளியே விடக்கூடாது என்பது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியது மிச்சத்தைச் செய்தது. அந்த இடத்தைப் பிடித்தது காற்றாடி: பத்து மீட்டர்க் கோபுரத்தில் சுழன்று, மேலே இருக்கும் வெதுவெதுப்பைக் கீழே இறக்கும். ஒன்று பத்து ஏக்கரைப் பார்த்துக்கொள்ளும். கூரை பலவீனமான ராத்திரியில் காற்றாடி தனியாகத் திணறும், அப்போது ஏக்கருக்கு இருபது ஹீட்டர் துணைக்குப் போதும். காற்றாடியைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள் மட்டும் ஹீட்டர் வைக்காதீர்கள், மேலெழும் சூடு அதன் வேலையைக் கெடுக்கும். பிரான்ஸில் ஷாப்லி பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் இன்னும் தீ மூட்டுகிறார்கள், பெரும்பாலும் பாரஃபின் மெழுகு வாளிகள், ஹெக்டேருக்கு 300, 400 என்று. 2021 ஏப்ரல் உறைபனியில் ராத்திரிப் படங்களில் மலைச்சரிவு முழுக்கக் கார்த்திகை தீபம் மாதிரி தெரிந்தது அவைதான்.

மறுநாள் சேதம் பார்க்க மத்தியானம் வரை பொறுங்கள், உறைந்த பூ காலையில் நன்றாகத்தான் தெரியும். உயரக் கிளை, தாழ்ந்த கிளை, ஓர மரம், நடு மரம் எல்லாவற்றிலும் சேர்த்து நூறு பூ பறித்து, பிளேடால் சூலகத்தைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் போனது. இதழ் வாடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பீச்சில் பத்துப் பதினைந்து போயிருந்தால் கவலை இல்லை, பிஞ்சு கலைக்கும்போது அதைவிட அதிகமாக நீங்களே கிள்ளிப்போடுவீர்கள். தாழ்ந்த கிளையில் மட்டும் பழுப்பு மிகுந்திருந்தால் அந்த இடத்தில் குளிர் தேங்குகிறது, இன்று ராத்திரிக்கு இரண்டு ஹீட்டரை அங்கே நகர்த்துங்கள்.