பத்துக்கு ஆறு: 1833 சட்டநிரூபண சபையும் திருகோணமலையும்

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்குச் சட்டம் இயற்ற 1833இல் அமைந்த சட்டநிரூபண சபை பற்றி எங்கள் ஊரான திருகோணமலையில் பேச்சு வந்தால், அங்கிருந்த தமிழ் அங்கத்தவரை வடக்கு கிழக்கின் பிரதிநிதி என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அவர் எந்தப் பிரதேசத்துக்கும் பிரதிநிதி அல்ல. யாரும் வாக்களித்து அவரை அனுப்பவில்லை, பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதியே நியமித்தார்.

பிரித்தானிய அரசு அனுப்பிய ஆணையாளர்களான கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைப்படி அமைந்த சபையில் 16 பேர். தேசாதிபதி, நிர்வாக சபையின் 5 பேர், வேறு 4 உத்தியோகத்தர் என்று அரசாங்கப் பக்கம் 10. உத்தியோகப்பற்றற்றவர், அதாவது அரசாங்க உத்தியோகத்தில் இல்லாதவர், 6: ஐரோப்பியர் 3, சிங்களவர் 1, தமிழர் 1, பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) 1. ஆறு பேரும் ஒன்றாக எதிர்த்தாலும் அரசாங்கம் நினைத்தது நிறைவேறும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் அக்காலச் செய்திகள் பாதி தானாக விளங்கிவிடும்.

ஆண்டுகளிலும் குழப்பம் உண்டு. சபை அமைந்தது 1833. முதற்கூட்டம் 1834 மே 22, தேசாதிபதி வில்மட் ஹோட்டன் காலம். தமிழ் அங்கத்தவராக ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி நியமனம் பெற்றது 1835. அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். சபை நடந்தது ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலம் தெரியாதவருக்கு அங்கே வழியே இல்லை. அவர் 1836இல் இறந்தபின், கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1838இல் வந்தார். பின்னாளில் குமாரசுவாமியின் மகன் முத்துக்குமாரசுவாமியும், மகள்வழிப் பேரன் பொன்னம்பலம் இராமநாதனும் அதே ஆசனத்தில் இருந்தார்கள். நியமனம் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் சுற்றியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

திருகோணமலைக்கு என்ன கிடைத்தது? அதே 1833இல் நாடு ஐந்து மாகாணமாகப் பிரிக்கப்பட்டபோது கிழக்கு மாகாணத்தின் தலைமைக் கச்சேரி, அதாவது மாகாண அரசாங்க அலுவலகம், இங்கேதான் இருந்தது, 1870இல் மட்டக்களப்புக்குப் போகும்வரை. ஆனால் சபையில் ஆசனம் மேல், மத்திய மாகாணங்களை நிர்வகித்த அரசாங்க அதிபர்களுக்கே. கிழக்கின் அதிபருக்கு இல்லை. கடற்படைத் துறைமுகம் வேண்டியிருந்தது, அந்த ஊரின் குரல் வேண்டியிருக்கவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அப்படியிருந்தும் அந்தச் சபை இயற்றிய சட்டம் இன்றும் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. காணி உறுதி (நிலப் பத்திரம்) ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். விற்பவரின் கையொப்பம், இரண்டு சாட்சிகள், பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசின் அத்தாட்சி. இதைக் கட்டாயமாக்கியது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கையொப்பமிடும்போது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கவேண்டும். சாட்சி பின்னேரம் வந்து போட்ட கையொப்பம் வழக்கு வரும்போது உறுதியையே விழுத்திவிடும். வெறும் கடதாசித் துண்டில் எழுதிக் காசு கைமாறிய காணியும் சட்டப்படி கைமாறியதாகாது.

அதே ஆண்டின் 12ஆம் இலக்கம் இன்னும் கனமானது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அனுமானிக்கச் சொன்னது. நிரூபிக்கும் சுமை உழுதவன் தலையில் விழுந்தது. காடு வெட்டிப் பயிரிடும் சேனைக்காரருக்கு இது எப்படி இடித்தது என்பதை மூதூர், தம்பலகாமப் பக்கத்து மண்ணை வைத்து யோசித்தால் புரியும். சேனை நிலத்தை ஒரு போகம் பயிரிட்டுவிட்டுச் சில வருடம் பற்றைக்கு விடுவது வழக்கம். மண் தேறுவதற்கே அந்த இடைவெளி. சட்டத்தின் கண்ணுக்கோ அது பயிரிடாத நிலம். வாய்மொழி உரிமையோடு இருந்தவனிடம் காட்ட ஒரு கடதாசி இல்லை.

சபைக்குள்ளும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இராணுவச் செலவை நாட்டின் தலையில் கட்டியதற்காக 1864இல் உத்தியோகப்பற்றற்றவர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். வாக்கால் வெல்ல முடியாதவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

பழைய சட்டம் தேடுபவர்களுக்கு ஒன்று: இலக்கத்தோடு ஆண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். இலக்கம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ‘7ஆம் இலக்கம்’ என்று மட்டும் கேட்டால் எந்த ஆண்டினுடையதும் கைக்கு வரலாம்.