பகடைக்கு முன் ஒரு சீட்டு: ஒன்பது செஷன் குறிப்புகள்

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி நகர்த்தும் கதை ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான். மூன்றாவது செஷனில் பாலடின், அதாவது அறம் தவறக் கூடாத வீரன், கயிற்றுப் பாலத்தை அறுத்தான். பின்னால் ஏழு பிணந்தின்னிகள் துரத்தி வருகின்றன. எங்கும் பனிமூட்டம். பாலம் விழுந்தால் ஊர் தப்பும். ஆனால் எதிர்க்கரையிலிருந்து ஒரு விறகுவெட்டியும் அவன் மகளும் அதே பாலத்தில் வந்துகொண்டிருப்பதாக என் டிஎம் நோட்டில் முந்தைய வாரமே எழுதி வைத்திருந்தேன். ஆள் கண்ணில் படுகிறதா என்று பார்க்க ஸ்பாட் செக் உருட்டச் சொன்னேன். இருபது முகப் பகடையில் 4 விழுந்தது. அவன் கண்ணில் யாரும் படவில்லை. கயிறு அறுந்தது.

ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது. பாலடின் ஆடும் நண்பன் சொன்னான்: "மூட்டத்துல ஆள் இருந்தது எனக்கு எப்படிடா தெரியும்? காப்பாத்தத்தானே அறுத்தேன்." கிளெரிக், அதாவது பூசாரிப் பாத்திரம், ஆடுபவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மனுநீதிச் சோழன் மகன் மட்டும் கன்னுக்குட்டிய வேணும்னா தேர்ல ஏத்தினான்?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் வாதம் ஓடியது.

எங்களுடையது இந்த ஆட்டத்தின் 3.5 பதிப்பு, 2003-ல் வந்தது. விதி என் நண்பன் பக்கம்தான். ஒரு தீய செயலுக்காகப் பாலடின் சக்தியை இழப்பது, அதை மனமறிந்து செய்தால்தான். 1978-ன் விதிநூலிலும் இதே கருத்துதான், தண்டனை மட்டும் இன்னும் கடுமை: தெரிந்தே, விரும்பியே ஒரு தீமை செய்தால் பாலடின் பட்டம் போய்விடும், திரும்பவே வராது. ஆக, செயல் மட்டும் போதாது, மனசும் சேர வேண்டும் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். 1974-ல் வந்த முதல் ஆட்டத்தில் இந்தச் சிக்கலுக்கே இடம் குறைவு. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே அலைன்மென்ட், அதாவது பாத்திரத்தின் சார்பு. நீ யார் பக்கம் என்பதுதான் கேள்வி. நன்மை தீமையும் சேர்ந்து ஒன்பது கட்டம் ஆனது பிறகுதான்.

சரி, மனசை எப்படிப் பார்ப்பது? 1985-ல் வந்த அல்டிமா 4 கம்ப்யூட்டர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. அதில் மூலிகை விற்பவளுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பதை நாமே சொல்லலாம். குறைத்துக் கொடுத்தால் நேர்மைக் கணக்கு இறங்கும். நான் அதை ஆடியபோது ஒவ்வொரு முறையும் முழுக் காசு கொடுத்தேன், கணக்கு ஏற வேண்டும் என்பதற்காக மட்டுமே. ஆட்டத்துக்கு அது தெரிய வழியில்லை, அதனிடம் செயல் மட்டும்தான் இருக்கிறது. மேசையில் ஆடும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கேட்கலாம். ஆனால் விளைவு தெரிந்த பிறகு கேட்டால் எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பார்கள், பொய் சொல்ல நினைக்காதவர்கள்கூட. அதனால் பகடைக்கு முன்னாலேயே கேட்பது என்று முடிவு செய்தேன்.

நான்காவது செஷனில் எல்லோர் முன்பும் துண்டுச் சீட்டு, பேனா. உருட்டும் முன் ஒரு வரி: எதற்காக இதைச் செய்கிறேன். மடித்து என் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அன்று மூன்று மணி நேரத்தில் 11 சீட்டு விழுந்தது. ஆட்டம் நகரவே இல்லை. பூட்டைத் திறக்கவெல்லாம் நோக்கம் எழுதச் சொன்னது என் தவறு. ஐந்தாவதிலிருந்து, திருப்பி எடுக்க முடியாத செயலுக்கு மட்டும் சீட்டு. அப்புறம் வேகம் திரும்பிவிட்டது.

கணக்கையும் இரண்டாகப் பிரித்தேன். ஊர்க்காரர்களுக்குச் செயல் மட்டும் தெரியும், அதனால் நற்பெயர் செயலின்படி. தெய்வத்துக்குச் சீட்டும் தெரியும், அதனால் அலைன்மென்டும் பாலடினின் சக்தியும் சீட்டின்படி. இந்தப் பிரிப்புதான் இதுவரை செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது. பாதி வாதங்கள் தானாகவே அடங்கிவிட்டன, ஏனென்றால் பாதிப் பேர் ஊரின் வாயால் பேசிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தெய்வத்தின் வாயால்.

ஆறாவது செஷனில் சத்திரம் தீப்பிடித்தது. ரோக், அதாவது திருட்டுக் கை தேர்ந்த பாத்திரம், ஆடுவது என் சித்தி மகள். தீக்குள் போய் ஒரு பையனைத் தூக்கி வந்தாள். ஊரே கொண்டாடியது, சாப்பாடு இலவசம். வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தேன்: "சாவி எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும்." அலைன்மென்ட் அசையவில்லை. நற்பெயர் மட்டும் ஏறியது. இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "அண்ணா, அவங்க கும்பிட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." எட்டாவது செஷனில் அதே பையனைக் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப் போனபோது சீட்டில் இருந்தது: "இருட்டு என்றால் அவனுக்குப் பயம்." சாவி எப்போதோ கிடைத்துவிட்டது. அவளுடைய அலைன்மென்டைப் பென்சிலால் ஒரு கட்டம் நகர்த்தினேன். ஆள் மாறுவதை இவ்வளவு கிட்டத்தில் நான் எந்தக் கேம்பெய்னிலும் பார்த்ததில்லை.

ஏழாவது செஷனில் முறையின் ஓட்டை தெரிந்தது. சரணடைந்த கொள்ளைக்காரனைக் கொல்லப் போகும்போது பாலடின் எழுதியது: "ஊரைக் காக்க." பாலத்துக்கும் அவன் சொன்னது இதேதான். இந்த வரி எதற்கும் பொருந்தும். உடனே ஆட்டத்தை நிறுத்தி, இரண்டாவது வரி ஒன்று எழுதச் சொன்னேன்: இதில் யாருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை? நண்பன் எழுத ஆரம்பித்தான். "கட்டிப் போட்டிருப்பவன் சாவது" என்பதோடு பேனா நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "கைதியைக் கூட்டிட்டுப் போறோம்" என்றான்.

அன்றிலிருந்து இரண்டு வரி. பாலத்தில் என்ன விடுபட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் கெட்டதை நினைக்கவில்லை, ஆனால் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. இரண்டாவது வரி அன்றே இருந்திருந்தால் குரல் கொடுத்திருப்பான் என்று நம்புகிறேன். இப்போது கொடுக்கிறான். ஒன்பதாவது செஷனில் ஒரு சுரங்கத்தை மூடும் முன் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தான்.

பாவம் கழிக்க அட்டோன்மென்ட் மந்திரம் இருக்கிறது. தெரிந்து செய்த குற்றமென்றால் மந்திரம் போடும் கிளெரிக்குக்கு 500 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, செலவாகும். தெரியாமல் நடந்ததற்கு அந்தச் செலவு இல்லை. எங்கள் கிளெரிக் போடத் தயார்தான், ஆனால் அதற்கு முன் விறகுவெட்டியின் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார். பாலடினும் சரி என்றுவிட்டான்.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டு வாசலில் தொடங்குகிறோம். விறகுவெட்டியின் மனைவியாக நான்தான் பேச வேண்டும். இந்த வாரம் முழுக்க அவளுக்கு என்னென்ன தெரியும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிணந்தின்னிகளை அவள் பார்க்கவில்லை. பனிமூட்டம் காலையிலேயே விலகிவிட்டது. கயிற்று நுனியில் கத்தி பட்ட வெட்டுத்தான் அவள் பார்த்தது.