100 மணி நேரக் கணக்கு

என் மகனுக்கு எட்டு வயசு. 'கொக்கு' என்று இருந்தால் 'கெக்' என்று ஆரம்பிப்பான். அப்புறம் மிச்சமிருக்கும் துணைக்காலைப் பார்த்துத் திகைத்து நிற்பான். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. கண்ணுக்கு மூன்று உரு, காதுக்கு ஒரே ஓசை. பள்ளி டைரியில் 'சோம்பல், வீட்டில் கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பினார்கள். நானும் அதை நம்பி இரண்டு வருஷம் அவனை அதட்டினேன். அவனுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைக் கூட்டி வாசிக்கத் திணறும் குறைபாடு என்று பிறகுதான் தெரிந்தது.

அவனுக்குத் தனியாகச் சொல்லித்தரும் டீச்சர் ஒரு நாள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் திமோதி கெல்லரும் மார்செல் ஜஸ்ட்டும் 2009-ல் வெளியிட்டது. வாசிக்கத் திணறும் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். இடது முன்பகுதியில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் முன்பு பலவீனமாக இருந்தது. பயிற்சிக்குப் பிறகு தேறியிருந்தது. பயிற்சி கிடைக்காத பிள்ளைகளிடம் அந்த மாற்றம் இல்லை. ஒயருக்கு மேல் இன்சுலேஷன் மாதிரி நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறை கூடியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எழுத்தை ஓசையாக்கும் திறன் யாருக்கு அதிகம் கூடியதோ, அவர்களிடம்தான் இந்த மாற்றமும் அதிகம். இந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டி வளர்க்கிற விஷயமா இது?

2018-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தினம் 4 மணி நேரம் வீதம் 8 வாரம் சொல்லித்தந்து பார்த்தார்கள். சில வாரங்களிலேயே வெண்பொருள் மாறத் தொடங்கியது. எல்லாப் பாதையும் மாறவில்லை. வாசிப்போடு தொடர்புள்ள ஒரு பாதை அப்படியே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலு மணி நேரத்துக்கு நான் எங்கே போக? எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம்தான். 100 மணி நேரம் என்றால் 200 நாள். காலண்டரில் கோடு போட்டு வருகிறேன். ஓர் ஓசைக்கு ஒரு புளியங்கொட்டை: கொ, க், கு என்று மூன்றை நகர்த்த வேண்டும்.

நேற்று 74-வது நாள். 'தொட்டி'யில் நின்றுவிட்டான். நான் வாயே திறக்கவில்லை. விரலால் கொம்பை மூடினான். எடுத்துவிட்டுக் காலை மூடினான். அப்புறம் கையை எடுத்துவிட்டு முழுசாகப் பார்த்தான்.

"தொ," என்றான். ஒரு கொட்டையை நகர்த்தினான்.