கேட்காதவரிடம் பேசுவது

"ஐயா, இப்ப உங்களை இடப்பக்கமா திருப்பப் போறேன். அப்புறம் சளி எடுக்கணும், கொஞ்சம் இருமல் வரும்."

வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவரிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஐசியுவில் கை வைப்போம். அவர் கண் திறப்பதில்லை, விரல்கூட அசைவதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வலப்பக்கம் திருப்பும்போது மறுபடியும் சொல்வோம். காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அந்த வருடம் என் ஜெபம் வறண்டு கிடந்தது. விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஆராதனைக்குப் போனேன், பாடினேன், ஆமென் சொன்னேன். தனியாக முழங்காலிட்டால் மட்டும் ஒரு வார்த்தை வராது. மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அவர் வரிசையாகப் பத்து நைட் டியூட்டி பார்த்தவர் இல்லை. வேதத்தில் 1 இராஜாக்கள் 19-இல் சாக விரும்பிப் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் இப்படி எதுவும் கேட்கவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அதுவும் இரண்டு முறை. சரி என்று நானும் லீவு போட்டேன். தூக்கம் சரியானது, ஜெபம் சரியாகவில்லை.

அன்னை தெரசாவின் நினைவு வந்தது. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல் வெளியான கடிதங்களில்தான், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் இருட்டில் இருந்தது பலருக்கும் தெரிந்தது. ஐம்பதா! ஆறுதலைவிட எனக்குப் பயம்தான் வந்தது.

ஒருநாள் இரவு, ஆறாம் படுக்கைக்காரரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்களேன்." சொந்தமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னேன். அவள் அழுதாள். ஏமாற்றிவிட்டது போல இருந்தது எனக்கு.

மூன்று மணிக்கு அவரைத் திருப்பும்போது வழக்கம்போலப் பேசினேன். கூட நின்ற புதுப் பெண், "கேட்காதவர்கிட்ட ஏன் சிஸ்டர் பேசுறீங்க?" என்றாள்.

"கேட்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகு தலையணையைச் சரிசெய்த கை அப்படியே நின்றுவிட்டது.

விடிகாலையில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இதில் கடைசி வசனம் வரை விடியாது. ஆனாலும் எழுதியவர் தொடக்கத்திலேயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடுகிறார். முகத்தை ஏன் மறைக்கிறீர் என்ற சண்டையும் அவரிடமேதான். இதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே என்று இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்டேன்.

வறட்சி அதோடு போய்விடவில்லை. இப்போது டியூட்டி முடிந்து ஷூ மாட்டும்போது சொல்லிவிடுகிறேன்: "ஆண்டவரே, ஆறாம் படுக்கைக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. நாலாம் படுக்கைக்கு மூச்சு இன்னும் சிரமம்தான். எனக்கு இன்றும் ஒன்றும் தோன்றவில்லை. நாளை வருகிறேன்."

அதற்குள் மறு கால் ஷூவும் மாட்டியாகிவிடும்.